தனக்கு உரியவன் அல்ல. பின் யாருக்கு உரியவன்?

நான் யார் என்பதை நானே தீர்மானிப்பேன். என் ஒப்புதலின்றி வந்து சேரும் எந்த அடையாளமும் என்னைக் கட்டாது. மேற்குலகம் இன்று பெரும்பாலும் விவாதமின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் இந்த நிலைப்பாட்டின் மீது அமெரிக்காவில் இயங்கும் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் அண்மையில் ஒரு வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். வழக்கின் முதன்மை ஆவணங்கள் மூன்று: கார்ல் ட்ரூமன் 2020இல் வெளியிட்ட ‘தி ரைஸ் அண்ட் ட்ரையம்ஃப் ஆஃப் த மாடர்ன் செல்ஃப்’, அதே ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் கொண்டுவந்த கார்ட்டர் ஸ்னீடின் ‘வாட் இட் மீன்ஸ் டு பி ஹ்யூமன்’, 2021இல் வந்த ஆலன் நோபிளின் ‘யூ ஆர் நாட் யுவர் ஓன்’. ட்ரூமன் சீர்திருத்த மரபில் நிற்கும் திருச்சபை வரலாற்றாசிரியர். ஸ்னீட் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர், கத்தோலிக்கர். நோபிள் ஓக்லஹோமாவில் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்றில் இலக்கியம் கற்பிப்பவர். எதிராளி மூவருக்கும் ஒருவரே. அந்த எதிராளிக்கு ராபர்ட் பெல்லாவும் அவருடைய சகாக்களும் 1985இலேயே பெயர் சூட்டிவிட்டார்கள்: வெளிப்பாட்டுத் தனிமனிதவாதம். உள்ளே உணர்வதே உண்மையான நான். அதை வெளியே கொண்டுவருவதே வாழ்வு. அதைத் தடுப்பதெல்லாம் ஒடுக்குமுறை என்பது அதன் சாரம்.

இப்படிப்பட்ட வழக்கை எடைபோட இரண்டு கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். எதிராளியின் மிக வலிய வடிவத்தை அது சந்தித்ததா? எதிராளி மீது வைத்த அளவுகோலைத் தான் முன்வைக்கும் மாற்றின் மீதும் வைத்துப் பார்த்ததா? முதல் கேள்வியில் மூவரும் வெவ்வேறு மதிப்பெண் பெறுகிறார்கள். இரண்டாவதில் மூவருமே தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றம் கிறிஸ்தவ மரபில் கருவி இல்லாததால் வந்ததல்ல. இருந்த கருவியைக் கையில் எடுக்காததால் வந்தது.

ட்ரூமனின் நூல் ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து புறப்படுகிறது. ஆண் உடலுக்குள் சிக்கிய பெண் நான் என்று ஒருவர் சொன்னால் இன்று அது பொருளுள்ள கூற்று. 1994இல் இறந்துபோன தன் தாத்தாவுக்கு அது பொருளற்ற உளறலாகவே கேட்டிருக்கும் என்கிறார் ட்ரூமன். இடையில் என்ன நடந்தது? பதில் சொல்ல அவர் 1960களுக்குப் போவதில்லை, ரூசோவுக்குப் போகிறார். அங்கிருந்து வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி, பிளேக். பிறகு நீட்ஷே, மார்க்ஸ், டார்வின். பிறகு ஃபிராய்டும் புதிய இடதுசாரிகளும். முடிவாக இன்றைய நீதிமன்றமும் பல்கலைக்கழக வளாகமும். தன்னிலை முதலில் உளவியலாக்கப்பட்டது, உளவியல் பாலியலாக்கப்பட்டது, பாலியல் அரசியலாக்கப்பட்டது: பத்து அத்தியாயங்களைத் தாங்கும் முதுகெலும்பு இதுதான். பாலியல் புரட்சியைச் சீரழிவின் காரணமாகப் பார்த்துப் பழகிய வாசகர்களிடம், அது காரணமல்ல, நெடுங்காலம் முன்பே மாறிவிட்ட தன்னிலைக் கருத்தின் விளைவு என்று சொன்னதே ட்ரூமனின் முதல் சாதனை. இரண்டாவது, தொனி. புலம்பலும் வசையும் மலிந்த ஒரு துறையில் எதிராளியின் நூல்களைப் படித்து, அவர்கள் சொன்னதை அவர்களே ஏற்கும் விதத்தில் எடுத்துரைக்கும் ஒழுக்கம் அவரிடம் இருக்கிறது. தனிமனித கண்ணியத்தை வலியுறுத்துவதில் நவீனத் தன்னிலைக்கு ஒரு நியாயம் உண்டென்பதையும் அவர் மறுப்பதில்லை.

நூலின் உச்சம் ரூசோ அத்தியாயம். ஜெனீவாவின் இன்னொரு குடிமகன் என்று ரூசோவைக் கால்வினுக்கு எதிர்முனையில் நிறுத்திவிட்டு, ட்ரூமன் இரண்டு திருட்டுகளை அருகருகே வைக்கிறார். அகுஸ்தீன் தன் ‘அறிக்கைகள்’ நூலில் இளவயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடியதைச் சொல்கிறார். பசியில்லை, அந்தக் காய்கள் சுவையானவையும் அல்ல. தீமையின் மீதே தனக்குள் இருந்த ஆசைதான் காரணம் என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். ரூசோவும் அதே தலைப்பிட்ட நூலில் தான் தொழில் பழகிய காலத்தில் அஸ்பராகஸ் தண்டு திருடியதைச் சொல்கிறார். அங்கே மூத்த தொழிலாளி ஒருவன் தூண்டுகிறான். பையன் அவனைத் திருப்திப்படுத்தவே திருடுகிறான். குற்றம் வெளியிலிருந்து வருகிறது, உள்ளம் இயல்பில் மாசற்றது. இரு அறிக்கைகளும் உள்நோக்கியவைதான். ஒன்று உள்ளே நோக்கி அங்கிருந்து மேலே ஏறுகிறது. மற்றது உள்ளேயே குடியேறிவிடுகிறது. தன்னாட்சி குறித்த நவீன நம்பிக்கையின் கருவை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய வேறொரு கிறிஸ்தவ எழுத்தை அண்மைக் காலத்தில் நான் வாசிக்கவில்லை.

இந்த உச்சத்திலேயே நூலின் முதல் விரிசலும் தொடங்குகிறது. ரூசோவுக்குப் பின் கதை கவிஞர்களிடம் தாவுகிறது. காண்ட்டுக்குத் தனி அத்தியாயம் இல்லை. தன்னாட்சியைப் பற்றிய வழக்கில் காண்ட் இல்லாதது சிறு குறையல்ல. பிரதிவாதியின் வழக்கறிஞரே அவைக்கு வராமல் தீர்ப்பெழுதுவது போன்றது. 1785இல் வந்த ஒழுக்க மெய்யியல் அடித்தளம் பற்றிய நூலில் காண்ட் பேசும் தன்னாட்சி, விரும்பியதைச் செய்யும் உரிமை அல்ல. பகுத்தறிவுள்ள எவருக்கும் பொருந்தும் விதியைத் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் ஆற்றல் அது. ஆசையால் ஆளப்படுபவன் காண்ட்டின் கணக்கில் தன்னாட்சி உடையவனே அல்லன். உயிர்மருத்துவ அறவியலில் ஒனோரா ஓனீல் 2002இல் வெளியான தன் கிஃபர்ட் சொற்பொழிவுகளில் இந்த வேறுபாட்டைத் துல்லியமாக எடுத்துக்காட்டினார்: இன்று தன்னாட்சி என்று விற்கப்படுவது தெரிவுச் சுதந்திரம் மட்டுமே, காண்ட்டின் கோட்பாடு கடமையைப் பற்றியது. அந்தத் தன்னாட்சியை எதிர்கொள்ள ரூசோவின் அஸ்பராகஸ் போதாது. நீ உன் உணர்ச்சிக்கு அடிமை என்ற குற்றச்சாட்டு காண்ட்டிடம் செல்லாது. தனக்குத் தானே சட்டமியற்றுபவனை அந்தச் சட்டத்தோடு எது கட்டிவைக்கிறது என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட கிறிஸ்தவர் உண்டு. கீர்க்ககார்ட் 1849இல் வெளியிட்ட ‘சாவுக்கான நோய்’ நூலில், தன்னைத் தானே படைத்துக்கொள்ள முயலும் தன்னிலையின் அவலத்தைப் பிரித்துக் காட்டினார். தான் விதித்ததைத் தானே எந்தக் கணமும் நீக்கிக்கொள்ளலாம் என்றால், அந்த விதிக்குக் கட்டும் வலிமை இல்லை; கட்டாத விதி எதையும் உருவாக்காது. அத்தகைய தன்னிலை எவ்வளவு முனைந்தாலும் சோதனை ஓட்டத்தைத் தாண்டிப் போவதில்லை. இது உணர்ச்சிவாதியையும் காண்ட்டியவாதியையும் ஒருசேரத் தொடும் வாதம். ட்ரூமன் தன் முடிவுரைக்குக் கீர்க்ககார்டின் வேறொரு நூல் தலைப்பைக் கேலியாகத் திருப்பிச் சூட்டியிருக்கிறார். தலைப்போடு வாதத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது விரிசல் முறையியல் சார்ந்தது. ட்ரூமன் எழுதுவது கருத்துகளின் மூலவரலாறு. ரூசோவைப் படிக்காதவனும் ரூசோவைப் போலவே உணர்வது எப்படி என்ற ஐயத்துக்கு சார்ல்ஸ் டெய்லரிடமிருந்து சமூக மனப்படிமம் என்ற கருத்தைக் கடன் வாங்கிப் பதில் சொல்கிறார்: கோட்பாடுகள் நூலகத்தில் தங்குவதில்லை, கதையாகவும் வழக்கமாகவும் மாறிப் பொதுப்புத்தியில் கலக்கின்றன. சரி. ஆனால் எந்த வாய்க்கால் வழியாக? அவருடைய தாத்தா பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் உழைத்தவர். வேலையில் மனநிறைவு உண்டா என்று கேட்டிருந்தால், பிள்ளைகளுக்குச் சோறும் காலணியும் கிடைத்ததால் உண்டு என்றே சொல்லியிருப்பார் என்கிறார் ட்ரூமன். அழகான எடுத்துக்காட்டு, அதுவே அவரை மாட்டிவிடவும் செய்கிறது. தாத்தாவின் பதில் பேரனின் வாயில் மாறியதற்கு ஷெல்லியா காரணம்? அந்தத் தொழிற்சாலைகள் மூடப்பட்டதும், கூலி உழைப்பு ஊரையும் உறவையும் விட்டுப் பிள்ளைகளைக் கிளப்பியதும், விளம்பரத் தொழில் ஒவ்வொருவரையும் தனிச் சுவையுள்ள நுகர்வோராக வளர்த்ததும் காரணமில்லையா? 1960இல் அமெரிக்க அரசு கருத்தடை மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. 1969இல் கலிஃபோர்னியாவில், குற்றம் நிறுவாமலே மணமுறிவு பெறும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன், பின்னாளில் சுவிசேஷகக் கிறிஸ்தவர்கள் தோளில் தூக்கிச் சுமந்த அதே ரீகன். திருமணத்தை இருவரின் தொடர்விருப்ப ஒப்பந்தமாக மாற்றியதில் இந்தக் கையெழுத்துக்குள்ள பங்கு பிளேக்கின் கவிதைகளுக்கு உண்டா என்பது கேட்கத்தக்க கேள்வி. நூலின் எடை அங்கே விழவில்லை.

சொந்த வீட்டுக் கணக்கும் முழுதாகப் பார்க்கப்படவில்லை. அமெரிக்க எழுப்புதல் மரபு அடையாளத்தைத் தனிமனிதத் தீர்மானத்தின் மேல் கட்டியெழுப்பிய இயக்கம். சார்ல்ஸ் ஃபின்னி தன் கூட்டங்களில் தீர்மானத்தின் விளிம்பில் நிற்பவர்களுக்கென்று முன்வரிசையில் தனி இருக்கை போட்டார். பில்லி கிரஹாமின் வானொலி நிகழ்ச்சிக்கும் இதழுக்கும் தலைப்பாக அமைந்ததே தீர்மானம் என்ற சொல்தான். பெற்றோரின் சபையை விட்டுத் தனக்குப் பொருந்தும் சபையைத் தேடிப் போகும் வழக்கத்தைக் கடை கடையாகப் பொருள் வாங்கும் நுகர்வோர் மனநிலையிலிருந்து பிரித்துச் சொல்வது எளிதல்ல. கிறிஸ்தவர்களும் இந்தப் பண்பாட்டில் பங்காளிகள் என்று ட்ரூமன் ஒப்புக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆனால் ஒப்புதல் வேறு, வரலாறு வேறு. சீர்திருத்தக் காலத்தைத் துறையாகக் கொண்ட ஒருவர், ஜெனீவாவின் இரண்டாவது குடிமகனுக்கு ஒரு முழு அத்தியாயம் தந்துவிட்டு, தன் மரபு முதலாமவரின் நகரத்திலிருந்து ஃபின்னியின் முன்வரிசை இருக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு ஒன்றும் ஒதுக்காதது புலமைக் குறையல்ல, தெரிவு.

டெய்லரோடு ஒப்பிட்டால் இந்தத் தெரிவின் விலை தெரியும். ட்ரூமனின் கருவிப்பெட்டியில் பாதி டெய்லருடையது. டெய்லரும் கிறிஸ்தவர்தான், கத்தோலிக்கர். 1991இல் கனடாவில் நிகழ்த்திய மாஸி சொற்பொழிவுகளில் அவர், சுயவாய்மை என்ற நவீன இலட்சியத்தைக் கொண்டாடுவோர், தூற்றுவோர் என்ற இரு கட்சிகளையும் மறுத்தார். தனக்கு உண்மையாயிருத்தல் ஓர் உண்மையான அறநெறி இலட்சியம் என்று முதலில் ஒப்புக்கொண்டார். பின்பு அந்த இலட்சியத்தின் உள்ளிருந்தே வாதிட்டார்: அடையாளம் பிறரோடான உரையாடலில்தான் உருவாகிறது, என் விருப்பத்துக்கு அப்பால் எதுவும் முக்கியமில்லை என்றால் என் தெரிவுக்கும் முக்கியத்துவம் இல்லை. எதிராளியின் சொந்த அளவுகோலாலேயே எதிராளியை அளக்கும் இந்த முறை, மூலவரலாறு எழுதுவதைவிடக் கடினம். அதனால்தான் அது மறுக்கவும் கடினம். ஒரு நிலைப்பாடு எங்கிருந்து வந்தது என்று காட்டுவது அது தவறென்று காட்டுவது ஆகாது. டெய்லரின் கருவிகளை எடுத்துக்கொண்ட ட்ரூமன், அவற்றை டெய்லர் பயன்படுத்திய காரணத்தை விட்டுவிட்டார்.

ஸ்னீட் இந்தப் பள்ளத்தில் விழவில்லை. அவருடைய எல்லை குறுகியது, அதுவே பலம். கருக்கலைப்பு, செயற்கைக் கருத்தரிப்பு, வாழ்வின் இறுதி முடிவுகள் ஆகிய மூன்று களங்களில் அமெரிக்கச் சட்டம் எப்படிப்பட்ட மனிதனைக் கற்பனை செய்துகொண்டு விதிகளை வகுத்திருக்கிறது என்பதே கேள்வி. இருப்பின் பொருளைத் தானே வரையறுக்கும் உரிமையைச் சுதந்திரத்தின் இதயமாக வைத்த, கருக்கலைப்பு குறித்த அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 1992ஆம் ஆண்டுக் கேஸி தீர்ப்பு அவருக்குக் கிடைத்த தெளிவான சான்று. அந்தத் தீர்ப்பைப் பின்னர் 2022இல் அதே உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டது என்பதால் அதன் சான்று மதிப்புக் குறையாது. ஸ்னீடின் வாதம் எளியது, உறுதியானது: அந்தச் சட்டத்தில் வரும் மனிதனுக்கு உடல் இல்லை. அவன் குழந்தையாக இருந்ததில்லை, நோயுற்றதில்லை, முதுமை அடையப்போவதில்லை. மறதிநோய் கண்ட ஒரு முதியவரின் படுக்கையருகே நின்று பார்த்தால், தன் திட்டத்தைத் தானே தீட்டும் விருப்பாற்றல் என்ற வரையறை அந்த அறையிலிருக்கும் யாருக்கும் பொருந்தாது. 1999இல் அலஸ்டர் மெக்கின்டயர் மனிதனைச் சார்ந்து வாழும் விலங்காக விவரித்த நூலிலிருந்து ஸ்னீட் தன் மாற்றைக் கட்டுகிறார்: கணக்குப் பாராமல் கொடுத்தவர்களால்தான் நாம் பிழைத்தோம், கணக்குப் பாராமல் கொடுக்கும் கடன் நமக்கும் உண்டு. விவிலிய அதிகாரத்தைக் கோராமலே இதை அவர் நிறுவுகிறார் என்பது முறையியல் சாதனை. கொடுக்கும் கடன் நடைமுறையில் யார் தோளில் இறங்குகிறது, அந்த முதியவரின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்பது மகனா மருமகளா என்ற கேள்வியை அவர் போதிய அளவு அழுத்தவில்லை என்பது குறை. சார்ந்திருத்தல் எல்லார்க்கும் பொது. சுமத்தல் அப்படிப் பகிரப்படுவதில்லை.

நோபிள் வேறு வாசலில் நுழைகிறார். தன்னாட்சி தவறு என்பதைவிட, அது தாங்க முடியாதது என்பதே அவருடைய வாதம். நான் எனக்கே உரியவன் என்றால், என் வாழ்வை நியாயப்படுத்துவதும், அதற்குப் பொருள் கண்டுபிடிப்பதும், விழுமியங்களை வகுப்பதும், அடையாளத்தைச் செதுக்குவதும், எங்கே சேர்ந்தவன் என்று நிறுவுவதும் என் தலையிலேயே விழுகின்றன. ஜாக் எல்யூலின் தொழில்நுட்பத் திறனாய்வைத் துணைக்கழைத்து, இந்தச் சுமையைத் தாங்க சமூகம் மேலும் மேலும் உத்திகளையும் செயலிகளையும் மருந்துகளையும் நீட்டுவதையும், ஒவ்வொன்றும் சுமையை ஏற்றுவதையும் காட்டுகிறார். ட்ரூமன் விட்ட பொருளாதார, தொழில்நுட்பப் பக்கம் இங்கே ஓரளவு நிரம்புகிறது. ஆனால் ஒரு கருத்து களைப்பூட்டுகிறது என்பதால் அது தவறென்று நிரூபணமாகாது, பாரமானதெல்லாம் பொய்யல்ல. மாற்றாக அவர் வைப்பது 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் வினாவிடையின் முதல் பதில்: வாழ்விலும் சாவிலும் நான் எனக்கு உரியவனல்ல, கிறிஸ்துவுக்கு உரியவன் என்பதே என் ஒரே ஆறுதல். வினாவிடை இதைப் பவுலிடமிருந்து எடுத்தது; நோபிளின் தலைப்பும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. அங்கே பவுல் அடிமைச் சந்தையின் மொழியில் பேசுகிறார்: நீங்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள்.

எல்லாம் இங்கேதான் தொங்குகிறது. ஒருவன் தனக்கு உரியவனல்ல என்று சொன்ன மறுகணம், அவன் யாருக்கு உரியவன் என்று அறிவிக்க ஒரு கூட்டம் காத்திருக்கும். கடவுள் நேரில் வந்து உரிமை கோருவதில்லை; அவர் பெயரால் தந்தையோ, போதகரோ, சாதியோ, தேசமோ, எஜமானனோ கோருகிறார்கள். மனிதருக்கு உரியவராதல் ஆபத்தானது என்பதை நோபிள் அறிவார், எச்சரிக்கவும் செய்கிறார். ஆனால் உண்மையான உரிமையாளரையும் போலி முகவரையும் பிரித்தறிய ஒரு விதி அவரிடம் இல்லை. நல்ல எண்ணம் இருக்கிறது. ட்ரூமனின் நிலை இன்னும் நெருக்கடியானது. அடையாளம் உருவாக்கப்படுவதல்ல, பெறப்படுவது. உடலும் இயற்கையும் கொடுக்கப்பட்டவை. அவற்றுக்குப் பணிவதே அறிவு என்பது அவர் நகரும் திசை. கொடுக்கப்பட்டவை என்ற ஒரே பைக்குள் படைப்பும் போகிறது, சமூகம் சுமத்தியதும் போகிறது.

பை கிழிந்த இடங்கள் கிறிஸ்தவ வரலாற்றிலேயே உண்டு. 1934 மே மாதம் நாத்சிச் சார்பு திருச்சபைக்கு எதிராக பார்மன் அறிக்கை வெளிவந்தது. மறு மாதமே வெர்னர் எலர்ட், பவுல் அல்தாவுஸ் ஆகிய லூத்தரன் இறையியலாளர்கள் ஆன்ஸ்பாக் ஆலோசனையுரை என்ற மறுப்பில் கையெழுத்திட்டார்கள். குடும்பம், மக்களினம், குருதியுறவு ஆகிய இயற்கை ஒழுங்குகளில் கடவுளின் சித்தம் நம்மைக் கட்டுகிறது என்பது அதன் வாதம். கொடுக்கப்பட்டதற்குப் பணிதல் என்ற அதே இலக்கணம்தான். தமிழ் வாசகர் ஜெர்மனிவரை போக வேண்டியதும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்ப்பின் குரலானார். சாதி மதக் காரியமல்ல, பிறப்பால் வந்த சமூக ஒழுங்கு என்பதே அவர்கள் தரப்பு. பெற்ற அடையாளத்தின் பெருமையைப் பற்றி நம்மிடம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவை விட்டு நகராமலே இதைச் சோதிக்க ட்ரூமனுக்கு ஒரு வாழ்க்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் ஃபிரெடரிக் பெய்லியாக, இன்னொருவரின் உடைமையாகப் பிறந்தார். அவருடைய எஜமானன் தாமஸ் ஆல்ட் 1832இல் ஒரு மெதடிஸ்ட் முகாம் கூட்டத்தில் மனந்திரும்பினார். அதன் பிறகு கொடுமை கூடியது. கை ஊனமுற்ற ஒரு பெண்ணைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்துக்கொண்டே, எஜமானனின் சித்தம் அறிந்தும் செய்யாத ஊழியனைப் பற்றிய வசனத்தை அவர் ஒப்பித்ததை டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். நீ உனக்கு உரியவனல்ல என்ற கோட்பாட்டை அந்த முற்றத்தில் நின்று கேட்க வேண்டும். 1838 செப்டம்பரில் தப்பி ஓடிய டக்ளஸ் தன் பெயரை மாற்றிக்கொண்டார். நியூ பெட்ஃபர்டில் தன்னை ஏற்றுக்கொண்ட நேத்தன் ஜான்சனிடம் புதிய குடும்பப் பெயரைத் தெரிவுசெய்யும் உரிமையைக் கொடுத்தார். ஸ்காட்டின் கவிதையொன்றைப் படித்துக்கொண்டிருந்த ஜான்சன் அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துத் தந்தார். ஆனால் ஃபிரெடரிக் என்பதை மட்டும் தொடக்கூடாது என்பது நிபந்தனை. தான் யார் என்ற உணர்வு அறுந்துபோகாமல் இருக்க அது வேண்டும் என்றார். ஒரு பெயர் காக்கப்பட்டது, ஒன்று உதறப்பட்டது, ஒன்று நண்பனிடமிருந்து பெறப்பட்டது. இந்த மனிதரைத் தன்னாட்சிக்காரர் என்ற பெட்டியிலும் போட முடியாது, பெற்ற அடையாளத்துக்குப் பணிந்தவர் என்ற பெட்டியிலும் போட முடியாது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1848இல், டக்ளஸ் ஆல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தப்பி வந்ததை நியாயப்படுத்தும் அவருடைய வாதம் கூர்மையானது: நீங்கள் நீங்கள்தான், நான் நான்தான், நம் இருவரையும் கடவுள் தனித்தனி மனிதர்களாகப் படைத்தார், ஆகவே இயற்கையில் நான் உங்களோடு கட்டப்பட்டவனல்ல. எனக்கு நானே உரியவன் என்ற கூற்று, கடவுளே படைத்தவர் என்ற கூற்றின் மேல் நிற்கிறது. மனித உரிமையாளரின் முன்னால் தன்னாட்சி, கடவுளின் முன்னால் படைக்கப்பட்டவன் என்ற பணிவு. இரண்டும் ஒரே கடிதத்தில், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வருகின்றன. ட்ரூமனின் மூலவரலாற்றில் தன்னிலைக் கோரிக்கை எப்போதும் ரூசோவின் வழிவந்ததே. ஆல்டின் முற்றத்திலிருந்து புறப்பட்ட இன்னொரு கிளை அதில் இல்லை. அந்தக் கிளை நெடுகிலும் சங்கீதங்களையும் யாத்திராகமத்தையும் பாடிக்கொண்டே வந்தது.

பிரித்தறியும் விதியை வெளியே தேட வேண்டியதில்லை. நோபிளின் தலைப்பு வந்த நிருபத்திலேயே, அடுத்த அதிகாரத்தில், பவுல் அதே சந்தை மொழியை மறுபடி எடுக்கிறார். இந்த முறை முடிவு வேறு: விலைக்கு வாங்கப்பட்டிருக்கிறீர்கள், ஆகவே மனிதருக்கு அடிமைகளாகாதீர்கள். சற்று முன்பு, விடுதலை கிடைக்குமானால் அதை ஏற்றுக்கொள் என்பதாகவே உரையாசிரியர் பலர் புரிந்துகொள்ளும் ஒரு வரியும் உண்டு. அதே பகுதியில் அழைக்கப்பட்ட நிலையில் நிலைத்திரு என்றும் சொல்கிறார், உண்மைதான். அந்த இழுபறியை மறைத்து பவுலைச் சமூகச் சீர்திருத்தவாதி ஆக்குவது நேர்மையல்ல. எனினும் தர்க்கம் தெளிவு: கடவுளுக்கு உரியவன் என்பது, வேறு எவருக்கும் முழுமையாக உரியவனல்ல என்பதற்கான காரணம். முதல் கூற்றைப் பயன்படுத்தி இரண்டாவதை அழிக்கும் எந்த உரிமைக்கோரலும் போலி. தந்தையோ சபையோ தேசமோ முன்வைக்கும் எந்த அடையாளத்தையும் இந்த விதியின் மேல் வைத்துப் பார்க்கலாம். தன்னாட்சியைக் கண்டிக்கும் எழுத்து பெரும்பாலும் ஆறாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. ஏழுக்குப் போனால் அதன் நண்பர்கள் சிலரும் சங்கடப்படுவார்கள்.

இன்னொரு வளத்தையும் சொல்ல வேண்டும். விவிலியத்தில் அடையாளம் பிறப்போடு முடிவதில்லை, அழைப்பினாலும் வருகிறது. ஆபிராம் தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படச் சொல்லப்படுகிறான். சீமோன் புதுப்பெயர் பெறுகிறான். கொடுக்கப்பட்டதிலிருந்து வெளியேறும் இந்த அசைவு ரூசோவின் தன்னாக்கம் அல்ல. ஆன்ஸ்பாக்கின் குருதி ஒழுங்கும் அல்ல. நாத்சி ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்ட ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் 1944இல் டேகல் சிறையில் எழுதிய, நான் யார் என்று கேட்கும் கவிதை இதைக் கடைசிவரை கொண்டுபோகிறது. காவலர்கள் காணும் நிதானமான மனிதனா, தனக்குள் தான் அறிந்த கலங்கிய மனிதனா என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. கடவுள் அறிவார், அவருக்கு நான் உரியவன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. உள்ளுணர்வு அடையாளத்துக்கு அடித்தளமாகாது என்று ட்ரூமன் நானூறு பக்கங்களில் நிறுவ முயல்வதை அந்தக் கவிதை ஒப்புக்கொள்கிறது. வெளியிலிருப்பவர்கள் தரும் அடையாளமும் அடித்தளமாகாது என்பதைச் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் கவிஞர் யாருடைய இயற்கை ஒழுங்குக்கு எதிராகச் சிறையில் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று நூல்களையும் ஒரு நண்பருக்குத் தர வேண்டுமானால், மாற்றுக்கருத்துள்ளவருக்கு ஸ்னீடைத் தருவேன். மூன்றில் எதிராளியின் மேசையிலேயே அமர்ந்து வாதிடும் நூல் அது ஒன்றுதான். ட்ரூமனை இறையியல் மாணவருக்குத் தரலாம், டெய்லரின் 1991 சொற்பொழிவுகளோடு சேர்த்து, ரூசோ அத்தியாயத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லி. அவர் 2022இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்’ என்ற சுருக்க வடிவம் வேண்டாம். சுருங்கியதில் முதலில் கழிந்தது சான்றுகளின் அடர்த்தி, பெரிய நூலின் துணிச்சலான பொதுமைகளைத் தாங்கி நின்றது அந்த அடர்த்திதான். நோபிள் ஓர் ஆயருக்குப் பயன்படுவார், தன் சபையின் அதிகார அமைப்பைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூச்சப்படாத ஆயருக்கு. ஃபின்னி முதல் ரீகன் வரையிலான அத்தியாயத்தை உள்ளே இருக்கும் ஒருவரே எழுத வேண்டும். அதற்கான பயிற்சியும் ஆவணங்களும் ட்ரூமனிடமே இருக்கின்றன.